மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் எண்ணைக் கேளுங்கள்

காரின் மீட்டர் பலகையில் இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. நம் குடும்பங்களில் இதற்கு இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம். "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுவது ஒன்று. தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "அந்த லைட்டை மட்டும் அணைச்சுக் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வருவது மற்றொன்று. முதல் வழக்கம் இன்ஜினைக் கெடுக்கிறது. இரண்டாவது வழக்கம் என்ன கெட்டது என்பதற்கான தடயத்தையே அழித்துவிடுகிறது.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது மார்க்கக் கேள்விகளோடு இந்தக் கேள்வியும் நம்மிடம் வருவதுண்டு. நாம் மெக்கானிக் அல்ல. ஆனால் பழைய காரைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறோம். அதன் கையேட்டையும் அது தொடர்பான நூல்களையும் படிக்கும் பழக்கம் உண்டு. அந்த அளவில், பத்துப் பதினைந்து வயதான கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில் இதை விளக்குகிறோம்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பில் எண்ணெய்க் குவளை எரிந்தாலும், சிவப்பில் வெப்பமானி எரிந்தாலும் அது வேறு விஷயம். வண்டியை உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும். நாம் பேசுவது மஞ்சள் விளக்கைப் பற்றி. அது நிலையாக எரிந்து, வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் பதற வேண்டியதில்லை; அந்த வாரத்துக்குள் காட்டினால் போதும். அதுவே விட்டு விட்டு மினுங்கினால், இன்ஜினின் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். நம் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங் அடிக்குது" என்பது இதைத்தான். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற பகுதி ஒன்று இருக்கிறது. அளவுக்கு மீறிய சூட்டில் அது உருகி அடைத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான ரூபாயில் முடிய வேண்டிய ஸ்பார்க் பிளக் வேலை, இப்படித்தான் பல ஆயிரங்களில் போய் நிற்கிறது. மினுங்கினால் காலை எடுத்து, வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். காரைக்காலுக்குச் சுமார் 130 கிலோமீட்டர். மினுங்கும் விளக்கோடு பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு இரவில் அந்தச் சாலையில் கிளம்பக் கூடாது.

விளக்கை எரிய வைப்பது யார்?

காருக்குள் இருக்கும் ஒரு சிறு கணினிதான். 'ஈசியு' என்பார்கள். காற்று எவ்வளவு வருகிறது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பல சென்சார்கள் அதற்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை வைத்து அது பெட்ரோலின் அளவை முடிவு செய்கிறது. கணக்கு ஒத்துவராதபோது ஓர் எண்ணைத் தன் நினைவில் எழுதிக்கொண்டு விளக்கை எரிய விடுகிறது. இந்த ஏற்பாடு பிறந்தது ஓட்டுநரின் வசதிக்காக அல்ல, காற்று மாசைத் தடுப்பதற்காக. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1988-இல் இதைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. 1996 முதல் அந்நாட்டின் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியான இணைப்பும் ஒரே மாதிரியான எண்களும் வந்தன. இந்தியாவில் பிஎஸ்-4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் விதியானது.

ஆகவே 2013-க்குப் பிந்திய கார் என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில், 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, செல்பேசியில் அந்த எண்ணைப் படித்துவிடலாம். அதற்கு முந்திய வண்டிகளில் இது நிச்சயமில்லை. சாக்கெட் இருந்தாலும் மலிவான ஸ்கேனருக்கு அதன் மொழி புரியாமல் போகலாம். அந்த நிறுவனத்துக்கான ஸ்கேனர் உள்ள கடையில்தான் பார்க்க வேண்டும். இன்னும் பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகள் சிலவற்றில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை வயரால் இணைத்தால் அந்த விளக்கே கணக்காக மினுங்கி எண்ணைச் சொல்லும். எந்த முனைகள் என்பது உறுதியாகத் தெரியாமல் அதில் கை வைக்காதீர்கள்.

ஒரு முறை கோளாறு தெரிந்தவுடனே விளக்கு எரிந்துவிடாது. பெரும்பாலான கோளாறுகளில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே குறை தென்பட்டால்தான் எரியும். குறை நீங்கிய பிறகு மூன்று ஓட்டங்கள் சரியாக இருந்தால் தானாகவே அணைந்துவிடும். "நேத்து எரிஞ்சுது, இன்னிக்கு இல்ல" என்று நம் பெண்கள் சொன்னால், கவனிக்காமல் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். விளக்கு அணைந்த பின்னும் எண் நினைவில் இருக்கும், படித்துப் பார்க்கலாம்.

எண் என்பது புகார், தீர்ப்பு அல்ல

நாம் இக்கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான். ஸ்கேனரில் 'ஆக்ஸிஜன் சென்சார்' என்று ஒரு வரி வந்ததும், "சென்சார் போயிடுச்சு பாய், மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றுகிறார்கள். எண்ணை அழித்து அனுப்புகிறார்கள். பத்து நாளில் விளக்கு திரும்ப எரிகிறது. அடுத்து வேறொரு சென்சார். காழியிடம் வரும் வாதி சொல்வது புகார்தான். பிரதிவாதியையும் சாட்சிகளையும் கேட்காமல் தீர்ப்புச் சொன்னால் அது நீதியாகாது. கணினி சொல்லும் எண்ணும் அப்படித்தான். எந்தத் தெருவிலிருந்து சத்தம் வருகிறது என்று சொல்கிறது. சத்தம் போட்டது யார் என்று நாம்தான் தேடிப் போக வேண்டும்.

எண்ணின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது தெளிவாகும். உதாரணமாக பி0301. முதல் எழுத்து 'பி' என்றால் இன்ஜினும் கியரும் சார்ந்த பகுதி. அடுத்த பூஜ்ஜியம், எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எண் என்பதைக் குறிக்கும். அங்கே 1 இருந்தால் அந்தக் கம்பெனிக்கே உரிய எண். மூன்றாம் இடத்தில் 1 அல்லது 2 என்றால் காற்றும் பெட்ரோலும், 3 என்றால் தீப்பொறி, 4 என்றால் புகை. கடைசி இரண்டும் குறிப்பிட்ட கோளாறு. ஆக பி0301 என்பது முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங்.

இப்போது குற்றவாளி யார்? பிளக்காக இருக்கலாம், இக்னிஷன் காயிலாக இருக்கலாம், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டராக இருக்கலாம், சிலிண்டரிலேயே கம்ப்ரெஷன் குறைந்திருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியில் இதற்கு ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை உண்டு. முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதை முதலில் போடுங்கள். எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால், கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது, காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0301-ஏ வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல மாற்றிப் பாருங்கள். ஒரே காயிலிலிருந்து வயர் போகும் பழைய மாடல்களில் பிளக்கை இப்படி இடம் மாற்றலாம். காயில் புதிதாக வாங்கச் சொல்பவரிடம் "மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல மெக்கானிக் "பார்த்தாச்சு" என்பார்.

இன்னொன்று பி0171. பெட்ரோலை விடக் காற்று அதிகமாக இருக்கிறது என்பது இதன் பொருள். ஆக்ஸிஜன் சென்சார் சொல்லித்தான் இது தெரியவருகிறது என்பதால், பாவம், சென்சார்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கும். கணினி எவ்வளவு கூடுதல் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது என்பதை 'ஃபியூயல் ட்ரிம்' என்ற பெயரில் ஸ்கேனர் சதவீதத்தில் காட்டும். கூட்டியோ குறைத்தோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 20, 25 என்று ஏறும்போதுதான் இந்த எண் பதிவாகிறது. வண்டி நின்றபடி ஐடிலிங்கில் இருக்கும்போது இது அதிகமாகவும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி 2500 சுற்றுக்குக் கொண்டு போனால் குறைவாகவும் இருந்தால், எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துத் திருட்டுத்தனமாகக் காற்று நுழைகிறது. நம் ஊர் வெயிலில் பன்னிரண்டு வருட ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? மாறாக, வேகம் கூடக் கூட இந்த எண்ணும் கூடினால் பெட்ரோல் வரத்தில் குறை. ஃபில்டரையோ பம்பையோ பாருங்கள். சென்சார்மேல் சந்தேகம் இருந்தால் அதையும் விசாரிக்கலாம். வழக்கமான வகை சென்சார் நலமாக இருந்தால் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் உறைந்து நின்றால்தான் மாற்ற வேண்டும்.

பி0420 என்ற எண் வந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதை மாற்றுவதற்கு முன் புகைக்குழாயில் ஓட்டை, நீண்ட நாள் மிஸ்ஸிங், இன்ஜின் ஆயில் எரிவது ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். காரணம் அப்படியே இருக்கப் புதிதாகப் போட்டால் அதுவும் கெடும். உள்ளே இருப்பதை உடைத்தெடுத்துவிட்டு வெறும் டப்பாவாக்கித் தருகிறேன் என்பவர்களிடம் போக வேண்டாம். அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் தெருப் பிள்ளைகள்தான்.

புதுச்சேரிக்கே உரிய காரணங்கள்

கடலோர ஊரில் இரும்பை விட வேகமாகக் கெடுவது வயர் இணைப்புகள். உப்புக் காற்று கனெக்டருக்குள் புகுந்து பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். சென்சார் நன்றாக இருக்கும். அதன் செய்திதான் கணினிக்குப் போய்ச் சேராது. இணைப்பைக் கழற்றி, கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனர் அடித்து, காய வைத்து மாட்டினாலே அணைந்துவிடும் விளக்குகள் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழையில் நம் ஊரில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியில் அன்றே எல்லாம் வெளிப்பட்டுவிடாது. தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் வயர்களில் ஈரம் தங்கி, பல மாதம் கழித்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து எண்கள் ஒரே நேரத்தில் வரும். அப்படி வந்தால் நாலைந்து சென்சார்கள் ஒரே நாளில் கெட்டன என்று நம்பாதீர்கள். பொதுவான எர்த் இணைப்பையும் பேட்டரியையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் சுமார் 12.5 வோல்ட்டும், ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரையும் இருக்க வேண்டும். பேட்டரி பலவீனமானால் கணினி இல்லாத கோளாறையெல்லாம் எழுதி வைக்கும்.

பிரான்சிலும் வளைகுடாவிலும் இருக்கும் குடும்பங்களின் கார்கள் வருடத்தில் பத்து மாதம் தார்ப்பாய்க்குள் நிற்கின்றன. விடுமுறைக்கு வந்து சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு வரவேற்கிறது. இங்கே முதல் சந்தேகம் எலி. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துக் கடிபட்ட வயர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது பழைய பெட்ரோல். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நிறுத்தப் போகிறவர்கள் வீட்டில் இருப்பவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை இருபது நிமிடமாவது ஓட்டச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. ஓடும் வண்டிகளிலும் இந்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்கு உண்டு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கணினி சற்றுக் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. இதற்கென வடிவமைக்கப்படாத பழைய காரில், ஏற்கெனவே லேசான காற்றுக் கசிவோ சோர்ந்த பம்போ இருந்தால், மேலே சொன்ன பி0171 எல்லையை இது தாண்ட வைத்துவிடும். பெட்ரோலைத் திட்டிப் பயனில்லை. கசிவை அடைத்தால் போதும்.

மற்றொன்று, மெக்கானிக்குகள் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியம். "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்ல" என்று சொல்லி தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே தாமதமாகிறது. இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். மைலேஜ் விழும், சில மாடல்களில் பி0128 போன்ற எண் வரும். குளிர்நாட்டுக்கான பாகம் அல்ல அது. சூட்டைச் சரியான அளவில் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை.

இணையத்தில் பார்த்துவிட்டு, "பெட்ரோல் மூடியை இறுக்கினா லைட் அணைஞ்சிடுமாம்" என்று சிலர் சொல்வதுண்டு. அது அமெரிக்க வண்டிகளுக்கான அறிவுரை. அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று கணினியே சோதிக்கும். நம் நாட்டில் விற்ற பெரும்பாலான பழைய கார்களில் அந்தச் சோதனை கிடையாது. மூடியை இறுக்குவதில் நஷ்டமில்லை, அவ்வளவுதான். டீசல் கார்களில் இஜிஆர் வால்வில் கரி படிவதும், டர்போ குழாய் விரிசலும் அடிக்கடி வரும் காரணங்கள். விசாரிக்கும் முறை இதேதான்.

ஒர்க்‌ஷாப்பில் நாம் செய்ய வேண்டியது

எண்ணை அழிப்பதற்கு முன் அதைத் தாளில் எழுதி வாங்குங்கள், அல்லது ஸ்கேனர் திரையைச் செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோளாறு நடந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது என்ற குறிப்பும் எண்ணோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்பார்கள். அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலான பழைய வண்டிகளில் இதே கதிதான். மாற்றிய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். எந்தச் சோதனையில் அது கெட்டதென்று தெரிந்தது என்றும் கேளுங்கள். சோதிப்பதற்கும் உழைப்பு இருக்கிறது. பாகம் மாற்றினால் மட்டும் பணம் தருவோம், கண்டுபிடித்ததற்குத் தர மாட்டோம் என்று நாம் இருந்தால், அவர்களும் பாகத்தைத்தான் மாற்றுவார்கள். நோய் கண்டுபிடித்துச் சொன்ன மருத்துவருக்குக் கட்டணம் தருகிறோம் அல்லவா?

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தச் சோதனை வண்டி நின்றபடி இருக்கும்போதுதான் புகையை அளக்கிறது. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கு என்பது வரம்பு. சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். நின்றபடி இதில் தேறும் வண்டி, ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடிக்கலாம்.

விற்பவரும் வாங்குபவரும்

பழைய கார் கைமாறும்போது இந்த விளக்கு ஒரு மார்க்கப் பிரச்சினையாகவும் ஆகிறது. விற்பதற்கு முந்திய நாள் எண்ணை அழித்துவிடுகிறார்கள். சிலர் பல்பையே கழற்றிவிடுகிறார்கள், அல்லது கறுப்பு டேப் ஒட்டுகிறார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டறிந்த செய்தியை நம் வாசகர்கள் பயான்களில் பலமுறை கேட்டிருப்பார்கள். அழிக்கப்பட்ட மஞ்சள் விளக்கு அந்த ஈரம்தான். தனக்குத் தெரிந்த குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். மறைத்து விற்றிருந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. நம் பகுதியில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் இரண்டும் இதை ஏற்கின்றன. விற்பவர் முஸ்லிம், வாங்குபவர் வேறு சமயத்தவர் என்றாலும் சட்டம் மாறாது. "அவரு கேக்கல, நான் சொல்லல" என்பது பதிலாகாது.

வாங்கப் போகிறவர் இரண்டு காரியம் செய்யலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்புங்கள். மஞ்சள் விளக்கு அப்போது எரிந்தே ஆக வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் பல்பு கழற்றப்பட்டிருக்கலாம். பக்கத்திலுள்ள ஆயில் விளக்கோடு சேர்ந்தே சரியாக அணைகிறது என்றால், இரண்டையும் ஒரே வயரில் கோத்திருக்கிறார்களா என்றும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, 2013-க்குப் பிந்திய கார் என்றால் ஸ்கேனரைச் செருகி 'ரெடினெஸ்' என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கணினி தன் சுயசோதனைகளை முடித்துவிட்டதா என்று அதில் தெரியும். எண்ணை அண்மையில் அழித்திருந்தால் அந்தச் சோதனைகள் முடியாமல் இருக்கும். விற்பவரைக் குற்றம் சாட்ட இது மட்டும் போதாது. பேட்டரி மாற்றியிருந்தாலும் அப்படித்தான் காட்டும். ஆகவே சண்டை போடாமல், வண்டியை இன்னும் மூன்று நாலு நாள் அவரே வழக்கம்போல ஓட்டட்டும், மறுபடி வந்து பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். அட்வான்ஸ் தொகையை அதன் பிறகு கொடுக்கலாம்.